தேர்தலில் தோற்கப்போகும் அப்பாவைச் சிங்கப்பூருக்கு அழைத்துவரலாமா?

கேள்வி: நான் செங்காங்கில் இருக்கிறேன், நிரந்தரவாசி. கணவர், 13 வயது மகன். அப்பாவுக்கு 76 வயது. ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். கட்சியில் கிளைச் செயலாளராக ஆரம்பித்து இரண்டு முறை எம்எல்ஏ ஆனவர், இப்போதும் பதவியில் இருக்கிறார். சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இந்தத் தடவையும் சீட் கிடைத்துவிட்டது. ஆனால் தோற்றுவிடுவார் என்று அண்ணன் சொல்கிறார், கட்சிக்காரர்களே காதோடு காதாகச் சொல்கிறார்கள். அப்பா மட்டும் "ஆறாயிரம் ஓட்டுல ஜெயிக்கிறோம்" என்கிறார். செலவுக்கு வயலை அடமானம் வைத்துவிட்டார். நானும் கணவருக்குத் தெரியாமல் 15,000 வெள்ளி அனுப்பினேன். அம்மா, "தோத்தாலும் பரவாயில்ல, இனிமேலாவது வீட்டோட இருக்கட்டும்" என்கிறார். முடிவு வந்த கையோடு இருவரையும் இங்கே அழைத்துவந்து வைத்துக்கொள்ள நினைக்கிறேன். போன தடவை வந்தபோது பத்து நாளிலேயே ஊருக்குப் போகணும் என்று நச்சரித்தார். தோற்றுவிடுவீர்கள் என்று இப்போதே பக்குவமாகச் சொல்லிவிடலாமா? இடிந்து போய்விடுவாரோ என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடிவு வந்த கையோடு அப்பாவை இங்கே அழைத்துவர வேண்டாம். தோற்றுவிடுவீர்கள் என்று சொல்லவும் வேண்டாம். நீங்கள் அங்கே போங்கள். வாக்கு எண்ணிக்கைக்கு இரண்டு நாள் முன்னாலேயே ஊரில் இருங்கள், முடிந்தால் இரண்டு வாரம் தங்குங்கள்.

அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். ஐம்பது வருஷமாக ஓட்டுக் கேட்டு நடந்த மனிதருக்குத் தெரு சொல்லாததையா நீங்கள் தொலைபேசியில் சொல்லிவிடப் போகிறீர்கள்? எந்தத் தெருவில் ஆரத்தி எடுத்தார்கள், எந்தத் தெருவில் கதவைத் திறக்கவில்லை, போன தடவை வண்டிக்கு முன்னால் ஓடிய பையன் இந்தத் தடவை யார் வண்டியில் இருக்கிறான், எல்லாம் அவர் கணக்கில் இருக்கும். "ஆறாயிரம் ஓட்டுல ஜெயிக்கிறோம்" என்பது கூட இருக்கும் தொண்டர்களுக்காகச் சொல்வது. வேட்பாளர் முகம் வாடினால் அடுத்த நாள் பூத்தில் உட்கார ஆள் வரமாட்டான். அந்த வைராக்கியத்தை மகள் வாயால் உடைத்தால் பிரசாரத்தில் மிச்சமிருக்கும் நாட்களை அவர் தனியாகக் கழிப்பார். உண்மையைச் சொன்ன திருப்தி உங்களுக்குக் கிடைக்கும், அவருக்கு ஒன்றும் கிடைக்காது.

அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேளுங்கள். "அப்பா, ரிசல்ட் எதுவா இருந்தாலும் மறுநாள் நான் உங்க கூட இருக்கேன். அன்னைக்கு என்ன செய்யலாம்?" பெரும்பாலும் பேச்சை மாற்றிவிடுவார். பரவாயில்லை. கேள்வி அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, அது போதும்.

சிங்கப்பூரில் முதியவர்களோடும் அவர்கள் பிள்ளைகளோடும் உட்கார்ந்து பேசுவதுதான் என் தொழில். வேலையை விட்டபின் நொடிந்துபோகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பதவி போனது என்பார்கள், மரியாதை போனது என்பார்கள். பேசிக்கொண்டே போனால் அவர்கள் இழந்தது ஒரு நாளின் அமைப்பை என்று தெரியவரும். உங்கள் வீட்டுக் காலைப்பொழுதை நினைத்துப் பாருங்கள், நீங்கள் வளர்ந்த வீடு, என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். விடிவதற்குள் வாசலில் ஆள். பட்டா மாறுதலுக்கு நடையாய் நடக்கிற ஒருவர், முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு பாட்டி, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த பிள்ளையை டாக்டர் சரியாகப் பார்க்கவில்லை என்று அழுகிற ஓர் அம்மா. அப்பா லெட்டர் பேடில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாசில்தாருக்கு ஒரு போன் போட்டுவிட்டு, அப்புறம்தான் காப்பி குடிப்பார். வாக்கு எண்ணி முடித்த மறுநாள் அந்த லெட்டர் பேடுக்கு வேலை இல்லை. தொகுதி அலுவலகச் சாவியை ஒப்படைக்க வேண்டும், சென்னையில் எம்எல்ஏ விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும். வாசலில் ஆள் குறையும். நான் பயப்படுவது தோல்வி அறிவிக்கப்படும் நாளுக்காக அல்ல. அன்று வீடு நிறைய ஆள் இருப்பார்கள். மூன்றாவது வாரத்துக் காலை ஏழு மணிக்காகத்தான் பயப்படுகிறேன்.

அந்த நேரத்தில் அவரைச் செங்காங்கில் பன்னிரண்டாவது மாடியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? நீங்களும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவீர்கள், பையன் பள்ளிக்கூடம் போய்விடுவான். கீழே இறங்கினால் அவரைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ஊரில் தோற்றவருக்கு நாலு பேர் ஆறுதலாவது சொல்வார்கள், திட்டுகிறவர்கள்கூட அவரைத் தெரிந்து திட்டுவார்கள். இங்கே அவர் யாரோ ஒரு தாத்தா. ஜெயித்துக்கொண்டிருந்தபோதே பத்து நாள்தான் தாங்கினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தோற்றபின் வந்தால் ஓடிவந்து ஒளிந்துகொண்டதாக அவருக்கே தோன்றும். எதிர்க்கட்சிக்காரர்களும் டீக்கடையில் அப்படித்தான் சொல்வார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிரந்தரவாசியான நீங்கள் பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தாலும் அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் அவர்களுக்குக் கிடையாது, பலதுறை மருந்தகத்திலும் அரசு மருத்துவமனையிலும் மானியம் இல்லாத முழுக் கட்டணம்தான். ஸ்டென்ட் வைத்த 76 வயதுக்காரருக்குத் தனியார் காப்புறுதி கிடைப்பது குதிரைக்கொம்பு. நெஞ்சுவலி என்று ஒரு வாரம் படுத்தால் வரும் பில்லை உங்கள் சம்பளம் தாங்குமா என்று முதலில் பாருங்கள். பாசத்தில் குறை சொல்லவில்லை. நாளைக்கு அந்த பில்லைப் பார்த்து 'மகளுக்குப் பாரமாகிவிட்டேன்' என்று அவர் நினைக்கக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு மாதம் வந்து இருக்கட்டும், தாராளமாக. அப்போது ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அப்பா வந்திருக்கிறார் என்று தெரிந்தால் இங்கிருக்கும் கட்சி அபிமானிகள் ஒரு சின்னக் கூட்டம் போடலாம் என்பார்கள். பிற நாட்டு அரசியலை இங்கே கொண்டுவருவதை சிங்கப்பூர் அரசாங்கம் அனுமதிப்பதில்லை, போலீஸ் அனுமதி இல்லாமல் கூட்டம் கூட்டுவது குற்றம். தேக்காவில் நாலு பேரோடு தேநீர் குடிக்கட்டும், மேடையும் மைக்கும் வேண்டாம்.

சரி, வாக்கு எண்ணும் நாளுக்கு வருவோம். என் அனுபவத்தில் குடும்பங்கள் கோட்டைவிடுவது இங்கேதான். காலை 8 மணிக்குத் தபால் ஓட்டில் ஆரம்பிக்கும். அப்புறம் சுற்றுச் சுற்றாக வரும். முதல் சுற்றில் முந்நூறு ஓட்டு முன்னிலை என்பார்கள், நாலாவது சுற்றில் பின்னடைவு என்பார்கள், 'நம்ம ஊரு பெட்டி இனிமேதான் வருது' என்று யாராவது நம்பிக்கை கொடுப்பார்கள். தோல்வி ஒரே அடியாக விழுவதில்லை, ஏழெட்டு மணி நேரம் இழுக்கும். அதற்குள் அவர் காலை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்துவிடுவார். சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், எரிந்து விழுவார். சுற்றியிருப்பவர்கள் தோல்வி வருத்தம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். மாத்திரைக்கு முன் இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும், நடுவில் சர்க்கரையைப் பாருங்கள், குளுக்கோஸ் கைவசம் இருக்கட்டும். நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, மூச்சுத் திணறல் என்றால் எத்தனையாவது சுற்று என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எண்ணும் மையத்தில் அண்ணனும் முகவர்களும் இருக்கட்டும். அப்பா வீட்டில் இருந்தால் நல்லது. போயே தீருவேன் என்றால் தடுக்காதீர்கள், அவர் நடத்திய சண்டை அது.

முடிவு வந்தபின் 'விடுங்கப்பா, நல்லதுக்குத்தான்' என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காமராஜர் கதையையும் சொல்ல வேண்டாம். 1967-இல் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார், 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார் என்று ஆறுதலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். உங்கள் அப்பாவுக்கு அந்தக் கதை உங்களைவிட நன்றாகத் தெரியும். தோற்றபோது காமராஜருக்கு 63 வயது. அந்தக் கதையைக் கேட்டால் உங்கள் அப்பா காதில் 'மறுபடியும் நில்லுங்கள்' என்றுதான் விழும்.

அதற்காக 'இனிமேல் அரசியலே கூடாது' என்று சத்தியம் வாங்கவும் கூடாது. 76 வயதோடு எல்லாம் முடிந்தது என்று முடிவு கட்ட உங்களுக்கோ எனக்கோ உரிமை இல்லை. இங்கேயே பாருங்கள். டாக்டர் டான் செங் போக் 2006-இல் நாடாளுமன்றத்தைவிட்டு விலகினார், 2019-இல் புதுக் கட்சி தொடங்கினார், 2020-இலும் 2025-இலும் தேர்தலில் நின்றார். இரண்டிலும் தோற்றார், கடைசியாக நின்றபோது 85 வயது. ஜே.பி.ஜெயரத்தினம் 2008-இல், 82 வயதில் சீர்திருத்தக் கட்சியைத் தொடங்கினார், அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார். இவர்களைப் போல் ஆகட்டும் என்று சொல்லவில்லை. ஒருவர் மருத்துவர், மற்றவர் வழக்கறிஞர், அரசியல் இல்லாத நாளிலும் இருவருக்கும் கையில் ஒரு தொழில் இருந்தது. உங்கள் அப்பாவுக்கு அரசியலைத் தவிர வேறு தொழில் கிடையாது. அதனால் அவருக்குத் தொழிலை விடச் சொல்லாமல் பதவியை மட்டும் விடச் சொல்வதுதான் நடக்கிற காரியம்.

அது எப்படி என்று கேட்பீர்கள். சியாம் சீ டோங் பொத்தோங் பாசிரில் 27 வருஷம் எம்.பி.யாக இருந்தார், குடியிருப்பு புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்து மக்களைப் பார்த்தார். குறை கேட்பதற்கு அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. அப்பாவுக்குத் திண்ணை இருக்கிறது. எந்த மனு எந்த மேசைக்குப் போக வேண்டும், எந்தச் சான்றிதழ் இல்லாததால் நிற்கிறது, ஆர்டிஓ ஆபீஸில் யாரைப் பார்க்க வேண்டும் என்பது அவர் தலைக்குள் இருக்கிறது. அதைத் தேர்தல் ஆணையம் திருப்பி வாங்க முடியாது. வாரத்தில் இரண்டு காலை, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கட்டும். கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பையனைக் கூட உட்கார வையுங்கள், அவனுக்கு நீங்கள் மாதாமாதம் ஏதாவது அனுப்புங்கள். உங்கள் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தோன்றவில்லை. முதலில் 'போனதுக்கப்புறம் யாரு வரப்போறா' என்பார். ஜெயித்தவர் வீட்டு வாசலில் கூட்டம் அதிகமானால் இவரிடமும் வருவார்கள், ஏழைகளுக்கு வேறு வழியில்லை.

பழைய புகைப்படங்கள், துண்டறிக்கைகள், மாநாட்டு மலர்கள் பெட்டியில் இருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் பழைய தமிழ் அச்சுப் பொருட்களைச் சேர்த்துப் பாதுகாக்கின்றன. பேரனைக் கேள்வி கேட்க வைத்து, தாத்தா பேசுவதை போனில் பதிவு செய்யலாம். ஆனால் முதல் மூன்று மாதம் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். தோற்ற வாரத்தில் 'உங்க வாழ்க்கையைப் பதிவு பண்ணலாம்பா' என்றால், கணக்கை முடிக்கிறார்கள் என்றுதான் அவருக்குப் படும்.

பணம். உங்கள் கடிதத்தில் இதை ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள், எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. வயலை யாரிடம் அடமானம் வைத்தார், வங்கியிலா, வட்டிக்காரரிடமா, பத்திரம் யார் பெயரில், அம்மா எதிலாவது கையெழுத்துப் போட்டாரா என்பதை அண்ணன் இப்போதே விசாரிக்கட்டும். தோற்ற மறுவாரம் கடன்காரர்கள் குரல் மாறும். சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளர் செலவு வரம்பு 40 லட்சம். முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும், கொடுக்காமல் விட்டால் மூன்று வருஷம் தேர்தலில் நிற்கத் தடை வரலாம். தோற்றவர்கள் சோர்வில் இதை விட்டுவிடுவதுண்டு, ஆடிட்டரிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள். முன்னாள் எம்எல்ஏ ஓய்வூதியம் மாதாமாதம் வரும், வீட்டுச் செலவுக்கு அது உதவும். நீங்கள் இங்கே வங்கிக் கடன் வாங்கி அந்தக் கடனை அடைக்கப் போகாதீர்கள். அம்மா இருக்கும் வீட்டுக்கு ஆபத்து வந்தால் மட்டும் கை கொடுங்கள்.

அந்த 15,000 வெள்ளியை ஊருக்குக் கிளம்பும் முன் கணவரிடம் சொல்லிவிடுங்கள். அண்ணன் வழியாகவோ கடன்காரர் வழியாகவோ அவருக்குத் தெரிந்தால் பணத்தைவிட மறைத்ததுதான் பெரிதாகும். இரண்டு வாரம் நீங்கள் இல்லாமல் வீட்டையும் பையனையும் பார்க்கப் போகிறவர் அவர். கோபப்படுவார், படட்டும். அப்பாவுக்காகச் செய்தேன் என்று நேராகச் சொன்னால் புரிந்துகொள்ள முடியாத விஷயம் இல்லை இது.

அம்மாவைத் தனியாகக் கேளுங்கள், அப்பா இல்லாத நேரத்தில். 'வீட்டோட இருக்கட்டும்' என்று அவர் பல வருஷமாக ஆசைப்பட்டிருப்பார். ஆனால் நாள் முழுக்க வீட்டில் இருக்கும் ஆம்பளையோடு அவர் குடித்தனம் நடத்தியதே இல்லை. வருகிறவர்களுக்குக் காப்பி போட்டு, கட்சிக்காரர்களுக்கு உலை வைத்து ஓடிய வீடு அது, அம்மாவுக்கும் அது ஒரு பதவிதான். யாரும் வராத வீட்டில் அவரும் தவிப்பார். எல்லாரும் அப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், நீங்களாவது அம்மாவைப் பாருங்கள்.

அண்ணனுக்கு அந்த இடத்தில் ஆசை இருந்தால் அதைப் பற்றிய பேச்சு மூன்று மாதத்துக்கு வேண்டாம். இதற்குமேல் அதில் நான் தலையிடவில்லை.

இடிந்து போய்விடுவாரோ என்று கேட்டீர்கள். சில நாள் பேசாமல் இருப்பார், துரோகம் செய்தவர்கள் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அது வருத்தம், அதற்கு மருந்து வேண்டாம், கேட்க ஆள் வேண்டும். ஆனால் அந்த வயது ஆண்கள் 'மனசு சரியில்லை' என்று சொல்ல மாட்டார்கள். உடம்பு வலி என்பார்கள், பசியில்லை என்பார்கள், விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். குளிக்காமல், சவரம் செய்யாமல், செய்தித்தாளைத் தொடாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரிடம் காட்டுங்கள். 'மாத்திரை எதுக்கு', 'நான் இருந்து என்ன ஆகப்போகுது' என்றால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே. அழைத்துப்போக முடியாவிட்டால் இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், அண்ணனும் கூப்பிட்டு வழி கேட்கலாம். இங்கே உங்களுக்கே தூக்கம் போய்க்கொண்டிருந்தால் எஸ்ஓஎஸ் (சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்) உதவி எண் 1767 இருக்கிறது, எந்த நேரமும் எடுப்பார்கள்.

திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. எண்ணிக்கைத் தேதியை வைத்து இப்போதே லீவு கேட்டுவிடுங்கள். டிக்கெட் எடுக்கும்போது திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ளக் கூடியதாக எடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. நான் சொல்வதெல்லாம் தவறாகி அப்பா ஜெயித்துவிட்டாலும் அந்த டிக்கெட் வீணாகாது. 76 வயதில் இன்னும் ஐந்து வருஷ வேலை அவருக்குக் காத்திருக்கும், அதற்கு முன் ஒரு முழு இதயப் பரிசோதனைக்கு அவரைச் சம்மதிக்க வைக்க உங்களால்தான் முடியும்.